காமாலை வைத்தியமும் கணக்கும்

காமாலைக் கண்ணனுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்று நமது நாட்டில் ஒரு பழமொழி உண்டு. ஆனால் நாம் பார்க்கின்ற அளவில், காமாலை வந்தவனைவிட அவனைச் சுற்றி நிற்கின்றவர்களுக்குத்தான் கண் சரியாய்த் தெரிவதில்லை என்று சொல்ல வேண்டியிருக்கின்றது.

ஜேடர்பாளையம், பரமத்தி வேலூர் முதலிய காவேரிக் கரையூர்களில் ஒருவனுக்குக் கண் மஞ்சளித்து, சிறுநீர் நிறம் மாறி, சோற்றைக் கண்டாலே குமட்டல் எடுக்குமானால், வீட்டாருக்கு முதலில் ஞாபகம் வருவது ஆஸ்பத்திரி அல்ல. காமாலைக்கு மருந்து கொடுக்கிறவர் இன்ன ஊரில் இருக்கிறார், இன்ன கிழமையில் விடியற்காலம் வெறும் வயிற்றோடு போக வேண்டும், உப்பும் எண்ணெயும் ஆகாது என்று சொல்ல நாலு பேர் திண்ணைக்கு வந்து விடுவார்கள். வைத்தியர்களில் ஒருவர் பச்சிலையை அரைத்துக் கொடுப்பார். ஒருவர் வேப்பிலை அடித்து மந்திரிப்பார். ஒருவர் கையில் சூடு போடுவார். இன்னொருவரோ நோயாளியின் கையைச் சுண்ணாம்புத் தண்ணீரில் கழுவி, காமாலையையே கிண்ணத்தில் இறக்கிக் காட்டி விடுவார்!

இந்தக் கடைசி வித்தையை முதலில் எடுத்துக்கொள்வோம். வைத்தியர் ஏதோ ஒரு சாற்றை நோயாளியின் கையில் தடவுகிறார். சற்று நேரம் வாய்க்குள் முணுமுணுக்கிறார். பிறகு தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை வார்த்துக் கழுவுகிறார். நிறமில்லாமல் இருந்த தண்ணீர் மஞ்சளாய் வழிகின்றது. பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடுகின்றார்கள். இதில் மந்திரமும் இல்லை, தெய்வமும் இல்லை. மாமரப்பட்டையின் சாறு சுண்ணாம்புத் தண்ணீரோடு சேர்ந்தால் மஞ்சளாகும். அவ்வளவுதான். பகுத்தறிவுப் பிரசாரகர்கள் பல மேடைகளில் இதைச் செய்து காட்டியிருக்கின்றார்கள்.

ஆனால், மாமரப்பட்டையின் சங்கதியே தெரியாத ஒரு சாதாரணக் குடியானவனும் இந்தப் புரட்டைக் கண்டுபிடித்து விடலாம். எப்படியென்றால், “ஐயா, எனக்குக் காமாலை இல்லை, என் கையையும் இதே மாதிரி தடவிக் கழுவுங்கள், பார்க்கலாம்” என்று கேட்டால் போதும். நோயில்லாதவன் கையிலிருந்தும் அதே மஞ்சள் வழியுமானால், வழிந்தது நோயல்ல என்பது குழந்தைக்கும் விளங்கி விடும். மருந்து பட்டவனை மாத்திரம் பாராதே, படாதவனையும் பக்கத்தில் நிறுத்திப் பார் என்கின்ற இந்த ஒரு கேள்வியில்தான் இன்றைய வைத்திய ஆராய்ச்சியின் அஸ்திவாரம் முழுதும் இருக்கின்றது. அந்தக் கேள்வி பட்டம் பெற்றவர்களின் சொத்தல்ல, நமக்கும் சொந்தமானது என்பதை விளக்குவதற்காகவே இதை எழுதுகின்றோம்.

காமாலை என்பது என்ன?

நமது ஜனங்கள் காமாலை என்பதை ஒரு நோய் என்று நினைத்துக் கொண்டிருக்கின்றார்கள். அது நோயல்ல, நோயின் அடையாளம். நமது இரத்தத்திலுள்ள சிவப்பு அணுக்கள் பழசாகி உடையும்போது ‘பிலிருபின்’ என்கின்ற ஒரு மஞ்சள் பொருள் உண்டாகின்றது. ஈரல் அதைப் பிரித்து, பித்தநீரோடு சேர்த்துக் குடலுக்கு அனுப்பி விடுகின்றது. அணுக்கள் அளவுக்கு மிஞ்சி உடைந்தாலும், ஈரல் கெட்டுப் போனாலும், பித்தநீர் போகும் குழாய் அடைபட்டாலும் அந்த மஞ்சள் இரத்தத்தில் தேங்கிக் கண்ணிலும் தோலிலும் தெரிகின்றது.

ஆகவே, மஞ்சள் ஒன்றுதான் என்றாலும் காரணங்கள் பல. கழிவு கலந்த குடிதண்ணீராலும் சோற்றாலும் பரவுகின்ற ஹெப்படைட்டிஸ் ஏ, ஹெப்படைட்டிஸ் இ என்னும் கிருமிகள் ஒரு வகை. இரத்தத்தாலும், சுத்தம் செய்யாத ஊசியாலும், தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றுகின்ற ஹெப்படைட்டிஸ் பி இன்னொரு வகை. சேற்று வயலில் எலியின் சிறுநீர் கலந்த தண்ணீரில் புண்ணுள்ள காலோடு நிற்கிறவனுக்கு வருகின்ற எலிக்காய்ச்சல் வேறொரு வகை. சாராயத்தால் ஈரல் வெந்து போவது ஒரு வகை. பித்தக்குழாயில் கல் அடைத்துக் கொள்வது ஒரு வகை. அங்கே கட்டி வளர்ந்து அழுத்துவது மற்றொரு வகை.

இவைகளில் எலிக்காய்ச்சலுக்குப் பென்சிலின், டாக்சிசைக்ளின் முதலிய மருந்துகள் உண்டு. கல்லை எடுத்தாக வேண்டும். கட்டியை ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தாக வேண்டும். இத்தனைக்கும் சேர்த்து ஒரே பச்சிலை உருண்டை, அதுவும் நாடி பார்க்காமல், இரத்தம் பார்க்காமல், கண்ணை மாத்திரம் பார்த்துக் கொடுப்பது என்றால் இதை வைத்தியம் என்று எப்படிச் சொல்லுவது? நமது பக்கத்துக் கரும்பாலையில் புகை வந்தால், அது கொப்பரை அடுப்புப் புகையா, கூரை பற்றிய புகையா என்று முதலில் பார்ப்போமா, அல்லது எந்தப் புகையாயிருந்தாலும் வேப்பிலையால் விசிறினால் போதும் என்று உட்கார்ந்திருப்போமா?

தானாய்த் தீருவதும் பேர் வாங்குவதும்

“ஆனால் குணமாகின்றதே! நான் கண்ணால் பார்த்தேனே! எங்கள் மாமனுக்கு மூன்றே வேளையில் தெளிந்ததே!” என்று நம்மிடம் சண்டைக்கு வருகின்றவர்கள் அநேகர். அவர்கள் பொய் சொல்லுகின்றார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவர்கள் பார்த்தது நிஜந்தான். ஆனால் பார்த்தது பாதி.

தண்ணீரால் வருகின்ற காமாலை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தீர்ந்து விடும். வயது வந்தவர்களுக்குப் புதிதாய்த் தொற்றிய ஹெப்படைட்டிஸ் பி கூட 100-க்கு 95 பேருக்கு மேல் தானாகவே உடம்பை விட்டுப் போய் விடும். இந்த நிலைமையில் 100 பேருக்குப் பச்சிலை கொடுத்தாலும் 95 பேர் பிழைப்பார்கள். திருநீறு கொடுத்தாலும் 95 பேர் பிழைப்பார்கள். ஒன்றும் கொடுக்காமல் கஞ்சி கொடுத்துப் படுக்க வைத்திருந்தாலும் 95 பேர் பிழைப்பார்கள். கோழி கூவிற்று, பொழுது விடிந்தது. ஆதலால் கோழிதான் சூரியனை வரவழைத்தது என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

மிச்சமுள்ளவர்கள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், பத்தியம் தவறினார்கள், காலம் தாழ்த்தி வந்தார்கள், விதி முடிந்தது என்று பதில் வரும். பிழைத்தவன் பத்து ஊருக்குப் போய் வைத்தியரின் பெருமையைச் சொல்லுகின்றான். செத்தவன் சாட்சி சொல்ல வருவதில்லை. இப்படியாகப் பிழைத்தவர்கள் எல்லாம் மருந்தின் கணக்கிலும், செத்தவர்கள் எல்லாம் விதியின் கணக்கிலும் எழுதப்படுகின்ற பேரேட்டில் எந்த வைத்தியனுக்குத்தான் நஷ்டம் வரும்?

இதனால் யாருக்கு என்ன கெடுதல், நம்பிக்கையோடு நாலு இலையைத் தின்று விட்டுப் போகட்டுமே என்று சில “நடுநிலைமை”க்காரர்கள் கேட்கலாம். கெடுதல் இருக்கின்றது. தண்ணீரால் வருகின்ற ஹெப்படைட்டிஸ் இ, கர்ப்பிணிகளுக்குக் கடைசி மூன்று மாதங்களில் வந்தால், 100-க்கு 20 முதல் 25 பேர் வரை செத்துப் போகக் கூடும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுகின்றது. 1955-ஆம் வருஷக் கடைசியில் டில்லியில் சாக்கடைத் தண்ணீர் குடிதண்ணீரில் கலந்ததால் சுமார் 29,000 பேருக்குக் காமாலை கண்டது. அப்போதும் கர்ப்பிணிகளே அதிகம் செத்தார்கள். அது இந்த ஹெப்படைட்டிஸ் இ கிருமியின் வேலை என்பது பல வருஷங்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. அப்படிப்பட்ட ஒரு பெண்ணை வெறும் வயிற்றோடு விடியற்காலத்தில் பஸ் ஏற்றி, மந்திரிக்கின்றவன் வீட்டு வாசலில் வரிசையில் உட்கார வைத்து, உப்பில்லாத கஞ்சியில் மூன்று நாளைக் கழிப்பது “கெடுதல் இல்லை” என்றால், பின்னே கெடுதல் என்பதுதான் எது என்று கேட்கின்றோம்.

கணக்கு பிறந்த கதை

இந்த ஏமாற்றம் நமது நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானது என்று யாரும் நினைக்க வேண்டாம். வெள்ளைக்காரர்களும் பல நூறு வருஷங்கள் இதே குட்டையில் ஊறிக் கிடந்தவர்கள்தாம். எந்த நோய்க்கும் இரத்தத்தை வெட்டி வடிப்பதுதான் அங்கே பெரிய பெரிய டாக்டர்களின் வைத்தியமாயிருந்தது. பாரிஸ் நகரத்தில் பியர் லூயி என்கின்ற டாக்டர், நுரையீரல் காய்ச்சல் கண்ட 77 பேரின் கணக்கை எடுத்து 1835-இல் வெளியிட்டார். நோய் கண்ட முதல் நாலு நாளுக்குள் இரத்தம் வடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 44 பேரும், அதற்குப் பின் வடிக்கப்பட்டவர்களில் 100-க்கு 25 பேரும் செத்திருந்தார்கள். சீக்கிரமாய் வடித்தால் சீக்கிரமாய்க் குணமாகும் என்ற பழம்பெருமை கணக்கின் முன்னால் நிற்க முடியவில்லை.

அதற்கும் முன்னால், 1747-இல், ஜேம்ஸ் லிண்ட் என்கின்ற கப்பல் வைத்தியர் ஈறு வீங்கி இரத்தம் கசிகின்ற ஸ்கர்வி நோயுள்ள 12 மாலுமிகளை இரண்டிரண்டு பேராய்ப் பிரித்தார். எல்லோருக்கும் ஒரே சாப்பாடு, ஒரே இடம். ஆனால் ஒரு ஜோடிக்குக் காடி, ஒரு ஜோடிக்குக் கடல் தண்ணீர், ஒரு ஜோடிக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் என்று மருந்து மாத்திரம் வேறு வேறாய்க் கொடுத்தார். ஆரஞ்சும் எலுமிச்சையும் தின்றவர்கள் சில நாளில் எழுந்து வேலைக்கு வந்தார்கள். இதில் கவனிக்க வேண்டியது எலுமிச்சையை அல்ல. பக்கத்தில் பத்துப் பேரை நிறுத்திப் பார்த்ததைத்தான். அப்படியிருந்தும் இங்கிலீஷ் கப்பற்படை எலுமிச்சம் சாற்றை எல்லோருக்கும் கொடுக்கத் துணிந்தது 1795-இல்தான். வழக்கத்தின் பிடி அங்கேயும் அவ்வளவு பலமாயிருந்தது.

இந்த முறை பூரணமானது 1948-இல் என்று சொல்லலாம். இங்கிலாந்தில் க்ஷயரோகத்துக்கு ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தைப் பரீட்சித்தபோது 107 நோயாளிகளைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல் இரண்டாய்ப் பிரித்தார்கள். 55 பேருக்குப் படுக்கை ஓய்வோடு மருந்து, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மாத்திரம். ஆறு மாதத்தில் மருந்து பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு எந்தப் படம் எந்தக் கூட்டத்தாருடையது என்பது தெரியாது.

சீட்டுப் போடுவது எதற்கு? கோயிலில் பூக்கட்டிப் போட்டுச் சாமியின் உத்தரவு கேட்பது போன்றதல்ல இது. டாக்டரின் கையில் தேர்வை விட்டால், அவர் தம்மையும் அறியாமல் பிழைக்கக் கூடியவனுக்கு மருந்தையும், பிழைக்காதவனுக்கு வெறும் கையையும் கொடுத்து விடுவார். வசதியுள்ளவனுக்கு ஒன்று, ஏழைக்கு ஒன்று என்றும் ஆகிவிடும். சீட்டுக்குப் பணக்காரன் ஏழை தெரியாது, மேல்ஜாதி கீழ்ஜாதி தெரியாது. பார்க்கின்றவருக்கு விவரம் தெரியாமல் வைப்பது எதற்கு? ஆசை கண்ணை மறைக்கும் என்பதற்குத்தான். தன் மருந்து பலித்திருக்க வேண்டும் என்று விரும்புகின்றவன் கண்ணுக்குப் பலித்ததாகவே தெரியும். ஆக, மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக் கொள்ளுகிறவன் என்பதை ஒப்புக்கொண்டு, அதற்குத் தானே காவலும் போட்டுக் கொள்ளுகின்ற முறை இது. எந்த மதமாவது, எந்தப் புராணமாவது தன்மேல் இப்படி ஒரு காவல் போட்டுக் கொண்டதுண்டா?

சென்னையில் நடந்தது

இதெல்லாம் சீமைச் சரக்கு, நமக்கு ஒத்து வராது என்பார் சிலர். அவர்களுக்காகச் சென்னையில் நடந்ததைச் சொல்லுகின்றோம்.

க்ஷயரோகம் வந்தால் சானடோரியத்தில் மாதக் கணக்காய்ப் படுக்க வேண்டும், நல்ல காற்று வேண்டும், முட்டையும் பாலும் வேண்டும் என்பதுதான் அந்தக் காலத்துச் சித்தாந்தம். ஏழை எங்கே போவான்? சானடோரியத்தில் இடமில்லை, குடிசையிலோ காற்றில்லை. சென்னையில் 1956-இல் க்ஷயரோக மருந்து ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு, சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகியவை கூடி நடத்தியது அது. அங்கே 193 ஏழை நோயாளிகளைச் சீட்டு முறையில் பிரித்து, ஒரு பாதியினருக்குச் சானடோரியத்திலும், மறுபாதியினருக்கு அவரவர் வீட்டிலும் ஒரே மருந்தை ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டிலிருந்தவர்களுக்குச் சாப்பாடும் குறைவு, ஓய்வும் குறைவு, இடமும் நெருக்கடி.

முடிவு 1959-இல் வெளிவந்தது. இரு கூட்டத்தாரிலும் பெரும்பாலோர் ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குணமடைந்திருந்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் கூட இருந்த பெண்டு பிள்ளைகளுக்கு நோய் அதிகமாய்த் தொற்றவும் இல்லை. உலகத்தில் பல நாடுகள் சானடோரியங்களை விட்டு, வீட்டு வைத்தியத்துக்குத் திரும்பியதற்கு இந்தச் சென்னைக் கணக்கு ஒரு முக்கியமான காரணம். பெரிய பெரிய நிபுணர்களின் அபிப்பிராயத்தை 193 ஏழைத் தமிழர்களின் கணக்கு மாற்றிவிட்டது. இதைவிட நமக்குப் பெருமையானது வேறு என்ன இருக்க முடியும்?

இதே நாட்டில், 1968 முதல் செங்கற்பட்டு மாவட்டத்தில் இலட்சக் கணக்கான ஜனங்களைக் கொண்டு பி.சி.ஜி. ஊசி பரீட்சிக்கப்பட்டது. வயது வந்தவர்களுக்கு வரும் நுரையீரல் க்ஷயத்தை அந்த ஊசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. நடத்தியவர்கள் அதை மறைக்கவில்லை. உலகத்துக்கு வெளிப்படையாய்ச் சொன்னார்கள். குழந்தைகளுக்கு வரும் கடுமையான க்ஷய வகைகளை அது தடுக்கின்றது என்பதற்கு வேறு ஆதாரங்கள் இருப்பதால் குழந்தைகளுக்கு இன்றும் போடுகின்றார்கள். எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்துச் சொல்லுவதுதான் யோக்கியமான வைத்தியம். சர்வரோக நிவாரணி என்ற பேச்சு அங்கே கிடையாது.

கீழாநெல்லியின் சங்கதி

இனி நமது பச்சிலைக்கு வருவோம். காமாலை என்றதும் தமிழர்களுக்கு ஞாபகம் வருவது கீழாநெல்லி. அது நாட்டுச் செடி என்பதற்காக அதைத் தள்ள வேண்டும் என்பது நமது கட்சியல்ல. நாட்டுச் செடி என்பதற்காகவே அதைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டு ஆட வேண்டும் என்பதும் நமது கட்சியல்ல. பரீட்சைக்கு வரட்டும் என்பதுதான் நமது கட்சி.

அது பரீட்சைக்கு வந்தது. சென்னையில் தியாகராசன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், ஹெப்படைட்டிஸ் பி கிருமியைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளூம்பெர்க் என்பவரோடு சேர்ந்து, அந்தக் கிருமியை நீண்ட காலமாய் உடம்பில் சுமந்திருப்பவர்களுக்குக் கீழாநெல்லித் தூளை 30 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். வேறு சிலருக்கு மருந்தில்லாத போலித் தூள் கொடுத்தார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்குக் கிருமியின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. போலித் தூள் சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. இது 1988-இல் ‘லான்செட்’ என்னும் பெரிய வைத்தியப் பத்திரிகையில் வெளிவந்தது. நமக்கும் சந்தோஷமான செய்திதான்.

புராணமாயிருந்தால் கதை இங்கே முடிந்து மங்களம் பாடியிருப்பார்கள். விஞ்ஞானமாகையால் மற்றவர்கள் அதைத் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1990-இல் தாய்லாந்தில் செய்தார்கள். அந்தப் பலன் வரவில்லை. 1994-இல் நியூசிலாந்திலிருந்தும் இல்லை என்றே வந்தது. ஒரு முறை வந்தது மறுமுறை ஏன் வரவில்லை என்பதற்குச் செடி வேறு, மண் வேறு, ஆட்கள் வேறு என்று பல சமாதானங்கள் சொல்லப்பட்டன. சமாதானம் சொல்லலாம், ஆனால் சமாதானம் நிரூபணமாகாது.

இதில் இன்னொரு மோசமும் இருக்கின்றது. 1988-இல் பரீட்சிக்கப்பட்டது கிருமியைச் சுமந்து நிற்கின்றவர்களின் விஷயம். கண் மஞ்சளித்துப் படுத்திருக்கின்றவனின் காமாலை அல்ல. அப்படியிருக்க, “கீழாநெல்லி காமாலையைத் தீர்க்கும் என்று லான்செட்டே ஒப்புக்கொண்டது” என்று சொல்லி விற்கின்றவர்கள், தாங்கள் படிக்காத ஒரு பத்திரிகையின் பெயரால், படிக்கத் தெரியாத ஜனங்களை ஏமாற்றுகின்றவர்களே ஆவார்கள். அர்த்தம் தெரியாத மந்திரத்தைச் சொல்லித் தட்சிணை வாங்குகின்ற புரோகிதனுக்கும் இவர்களுக்கும் பேதம் ஒன்றும் இல்லை.

பரீட்சையில் தேறிய பச்சிலையும் உண்டு. சர்ப்பகந்தி வேர் இரத்தக் கொதிப்பைக் குறைக்கின்றது என்பதைப் பம்பாயில் ருஸ்தம் ஜால் வக்கீல் என்கின்ற டாக்டர் நோயாளிகளின் இரத்த அழுத்தத்தை அளந்து கணக்கிட்டு 1949-இல் இங்கிலாந்துப் பத்திரிகையில் எழுதினார். உலகம் அதை ஏற்றுக் கொண்டது. நாட்டு மருந்து என்று யாரும் தள்ளவில்லை. ஆகவே, வெள்ளைக்காரன் சூழ்ச்சியால் நமது வைத்தியம் மறைக்கப்பட்டது என்று ஒப்பாரி வைக்கின்றவர்கள் முதலில் கணக்கைக் கொண்டு வரட்டும்.

கோட்டுப் போட்டவர்களுக்கும் இதுவே

நிற்க, நாம் இங்கிலீஷ் டாக்டர்களுக்குத் தரகு பேசுவதாகவும் யாரும் நினைக்க வேண்டியதில்லை. காமாலைக்காரனைக் கண்டவுடன் குளுக்கோஸ் பாட்டிலைத் தொங்க விடுவதும், ஈரல் டானிக் என்று வர்ணத் தண்ணீரை எழுதிக் கொடுப்பதும், ஊசி போட்டால்தான் டாக்டர் என்று ஜனங்கள் நினைப்பதற்காக ஊசி போடுவதும் நமது ஊர்களில் நடந்து கொண்டுதான் இருக்கின்றன. பட்டம் வாங்கிய வருஷத்தோடு படிப்பை மூட்டை கட்டி வைத்து விட்டவருக்கும், பாட்டன் சொன்ன பச்சிலையையே அரைத்துக் கொண்டிருப்பவருக்கும் சட்டையில்தான் வித்தியாசம். மருத்துவம் வருஷத்துக்கு வருஷம் திருத்தப்பட்டு வருகின்றது. டாக்டரும் திருத்திக் கொள்ள வேண்டும்.

ஆராய்ச்சி என்ற பெயராலும் அக்கிரமம் நடக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசியைப் பற்றி, அன்று ஆந்திராவிலிருந்த கம்மம் மாவட்டத்தில் ஒரு ஆராய்ச்சி நடந்தது. விடுதிகளில் தங்கிப் படித்த மலைஜாதிப் பெண் குழந்தைகளின் பெற்றோர்களைக் கேளாமல், விடுதிக் காவலர்கள் கையெழுத்துப் போட்டது வெளிவந்து, 2010-இல் அந்த வேலை நிறுத்தப்பட்டது. அங்கே ஊசியின்மேல் குற்றமில்லை. அது நல்ல ஊசி என்பது பல தேசங்களில் ருசுவாகியிருக்கின்றது. கேளாமல் போட்டதுதான் குற்றம். பணக்காரன் பிள்ளையிடம் அப்படிச் செய்ய யாருக்காவது துணிவு வந்திருக்குமா? ஆராய்ச்சிக்கு உடம்பைக் கொடுப்பவன் எலியல்ல, மனிதன். இன்னது செய்யப் போகிறோம், இன்ன ஆபத்து உண்டு, வேண்டாமென்றால் விலகலாம் என்று அவன் பாஷையில் அவனுக்குச் சொல்லி, அவன் சம்மதத்தைப் பெற வேண்டும் என்பது இன்று சட்டம். 2009 முதல் இந்தியாவில் நடக்கும் மருந்துப் பரீட்சைகளைத் தொடங்குமுன் பொதுப் பதிவேட்டில் பதிய வேண்டும் என்பதும் விதி. முன்கூட்டிப் பதிந்து விட்டால், பலன் நன்றாயில்லாதபோது கணக்கை ஒளிப்பது கஷ்டம்.

நாம் கேட்க வேண்டியது

ஆதலால், வைத்தியர் எந்தச் சட்டை போட்டிருந்தாலும், எந்தப் பாஷையில் பேசினாலும், நமது தோழர்கள் நான்கு கேள்விகளைக் கேட்கப் பழக வேண்டும். எத்தனை பேருக்குக் கொடுத்தீர்கள், அதில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று? கொடுக்காதவர்களில் எத்தனை பேருக்குக் குணமாயிற்று? யாருக்குக் கொடுப்பது, யாருக்குக் கொடுக்காமலிருப்பது என்பதை எப்படித் தீர்மானித்தீர்கள்? பாதியில் நின்றவர்களும் செத்தவர்களும் கணக்கில் உண்டா, கணக்கெடுத்தவர் யார்? கேட்டால் கோபித்துக் கொள்ளுகின்றவரிடம் உடம்பைக் கொடுக்காதீர்கள்.

காமாலை கண்டால் முதலில் இரத்தத்தைப் பார்த்துக் காரணத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். கர்ப்பிணியாயிருந்தாலும், நோயாளி மயங்கி உளறினாலும், பகலில் தூங்கி வழிந்தாலும், எங்கேயாவது இரத்தம் கசிந்தாலும், வயிறு வீங்கினாலும், மலம் வெளுத்து உடம்பு அரித்தாலும் ஒரு நாள் கூடத் தாமதியாமல் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். பட்டினி போடாதீர்கள், சாராயத்தைத் தொடாதீர்கள், சூடு போட விடாதீர்கள். ஹெப்படைட்டிஸ் பி, சி இரண்டுக்கும் சர்க்கார் 2018-இல் தொடங்கிய திட்டத்தின்படி இலவசமாய்ப் பரிசோதனையும் மருந்தும் உண்டு. சி என்பதை மூன்று மாத மாத்திரையிலேயே 100-க்கு 95 பேருக்குத் தீர்க்கலாம். பி வராமல் தடுக்கப் பிறந்த குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் ஊசி போட வேண்டும். குடிதண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பதும், குழாயும் சாக்கடையும் ஒன்றாய் ஓடாமல் பஞ்சாயத்தாரைக் கேட்பதும் ஆயிரம் மந்திரிப்புக்கு மேலானவை.

சுயமரியாதை என்பது கோயிலில் தேங்காய் உடைக்காமலிருப்பதோடு முடிந்து விடுகின்ற காரியமல்ல. நமது உடம்பின்மேல் ஒருவன் கை வைக்கும்போது அவனைப் பார்த்து “எப்படித் தெரியும்?” என்று கேட்கின்ற தைரியமும் அதில் சேர்ந்ததுதான். ஆகவே, ஜேடர்பாளையம் பக்கத்துத் தோழர்கள் அடுத்த கூட்டத்தில் மாமரப்பட்டையும் சுண்ணாம்புத் தண்ணீரும் கொண்டு வந்து, நோயில்லாத நாலு பேர் கையைக் கழுவி ஜனங்களுக்குக் காட்ட வேண்டுமென்றும், காட்டிய கையோடு இந்த நாலு கேள்விகளையும் சொல்லிக் கொடுக்க வேண்டுமென்றும், முக்கியமாய்ப் பிள்ளைத்தாய்ச்சி உள்ள வீடுகளுக்கு நேரில் போய் இந்த விஷயத்தைச் சொல்லி வர வேண்டுமென்றும் கேட்டுக் கொள்ளுகின்றோம்.